வண்டியை நீங்களே ஓட்டுங்க

— இந்த மேட்டுலதான் அண்ணே, பாருங்க. மூணாவது கியர். நல்லா மிதிக்கிறேன். நீங்க வெச்ச காத்தழுத்த மீட்டர்ல முள்ளு ஏறுது, ஏறுது... போச்சு! சண்டி மாடு மாதிரி படுத்துடுச்சா?

— பொறுமை, பொறுமை. படுக்கறதுக்கு முன்னாடி என்ன சத்தம் வந்துச்சு? அதைச் சொல்லுங்கம்மா.

— உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல். சைக்கிள் டியூப்ல வால்வைப் பிடுங்கின மாதிரி.

— எங்கேருந்து?

— கீழேருந்து. உங்க பக்கம், முன் சக்கரத்துக்கிட்ட.

— அதாகப்பட்டது, டர்போங்கிறது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. நீங்க கேட்டீங்கன்னு போன மாசம் அந்த அழுத்தத்தைக் கூட்டி வெச்சேன். நியாயமா வண்டி பறக்கணும்.

— பறக்கவா கேட்டேன்? ஏழு சவாரியை ஏத்திக்கிட்டு இந்த மலை ரோட்டுல ஏறினா போதும்னுதானே கேட்டேன். நாலு நாள் ஏறுச்சு. அப்புறம் கூட்டறதுக்கு முன்னாடி இருந்ததை விட மோசம். நேத்து பாதி மேட்டுல எல்லாரையும் இறக்கி நடக்க விட்டேன். அதுல ஒரு பெரியவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, இன்னும் சோறு இறங்கல.

— கோவம் நியாயம்தாம்மா. முதல் தடவை பிளக்கை மாத்தினேன், ரெண்டாம் தடவை ஃபில்டரை மாத்தினேன். ரெண்டு தடவையும் சரியாயிடுச்சுன்னு அனுப்பி, வண்டி திரும்பி வந்துடுச்சு. மூணாவதும் திரும்பி வந்தா அவ்வளவுதான். நாளையிலேருந்து நான் சாமான் அறையில உக்காந்து நட்டு போல்ட்டு பிரிக்க வேண்டியதுதான். முதலாளி சட்டம்.

— முதலாளி உங்க மச்சினன்தானே? சொந்த அக்கா புருஷனையா அப்படிப் பண்ணுவார்?

— வீட்டுலதாம்மா மச்சினன். ஒன்றரை வருஷமா இன்னொரு சட்டம் போட்டிருக்கான், பாத்தீங்கல்ல? வண்டியை ஓட்டிப் பாக்கறப்ப வண்டிக்காரங்கதான் ஓட்டணுமாம், மெக்கானிக் பக்கத்துல உக்காரணுமாம். எல்லாருக்கும்னு பேரு. மத்தவனெல்லாம் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கான், கண்டிப்பு எனக்கு மட்டும். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடிச்ச கை இது. நம்பிக்கை இல்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லலாம்ல? அன்னியிலேருந்து நான் பின் கேட்டு வழியாத்தான் வர்றேன், போறேன். தினமும் சாப்பிடக் கூப்பிடுறான். நான் போறதில்ல.

— அவர் மனசுல என்ன கணக்கோ அண்ணே.

— ஏம்மா இவ்வளவு சத்தமா பேசுறீங்க?

— டாக்ஸி ஓட்டுறவ. பின் சீட்டு வரைக்கும் எட்டணும்ல. பழகிடுச்சு.

— நீங்க மட்டும் இல்ல. முன்னெல்லாம் ‘வண்டி சரியில்ல’ன்னு சாவியை வீசிட்டுப் போயிடுவாங்க. இப்ப வர்றவங்க எல்லாரும் பலகுரல் மன்னருங்க. முந்தா நாள் ஒரு வாத்தியார், பெல்ட் எப்படிச் சத்தம் போடுதுன்னு நடு ரோட்டுல நின்னு கீச்சு கீச்சுன்னு கத்திக் காட்டினார். அதாகப்பட்டது, காலம் கெட்டுப்போச்சு.

— நல்லாத்தானே இருக்கு! இன்னொரு தடவை மிதிக்கட்டுமா?

— மிதிங்க. உஸ்ஸு எப்ப ஆரம்பிக்குதுன்னு மட்டும் துல்லியமா சொல்லுங்க.

— முள்ளு, பழைய அழுத்தத்துக்கு நீங்க போட்ட கோட்டுக்கிட்ட வந்துடுச்சு, சத்தம் இல்ல. இப்ப கோட்டைத் தாண்டுது... இப்ப! உஸ்ஸ்ஸ்! காலை எடுத்தேன், நின்னுடுச்சு.

— பழைய கோட்டைத் தாண்டினாதானா? ஓரம் கட்டுங்கம்மா, ஓரம் கட்டுங்க. என்னை மாதிரி மடையன் உண்டா! ஓட்டை தேடுறேன்னு கடையில காத்தடிச்சு, சோப்புத் தண்ணி தடவி, அரை நாள் பாத்தேன். ஆனா பழைய அளவுக்குத்தான் காத்தடிச்சேன். கூட்டினவனும் நான், கூட்டின அளவுக்கு சோதிக்காம விட்டவனும் நான். பானெட்டைத் திறங்க.

— இந்தாங்க, போன் வெளிச்சம்.

— இன்னும் கீழே காட்டுங்க. டர்போலேருந்து காத்து போற அந்த ரப்பர் ஹோஸுக்கு அடிப்பக்கம் எண்ணெய் ஈரம் தெரியுதா? விரலால பிதுக்குறேன், பாருங்க.

— ஐயையோ, வாயைத் திறக்குது!

— சும்மா இருந்தா மூடிக்கும். அழுத்தம் ஏறினா திறந்து காத்தையெல்லாம் வெளியே துப்பிடும், இன்ஜின் மூச்சுக்குத் தவிக்கும். இப்போதைக்கு டேப்பை இறுக்கிச் சுத்தி, ரெண்டு கிளிப் போடுறேன். புது ஹோஸ் கடையில இருக்கு. ம், ஆச்சு. ஏறுங்க, மிதிங்க.

— ஏறுது அண்ணே! மூணாவது கியர்லயே ஏறுது! உஸ்ஸும் இல்ல, புஸ்ஸும் இல்ல. உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

— நான்தாம்மா உங்களைக் கும்பிடணும். முதுகு சீட்டுல அழுந்துறது எனக்கே தெரியுது. என் பொழைப்பைக் காப்பாத்தினது உங்க வாய். உங்ககிட்ட மறைக்க மனசு வரல. அந்த உஸ்ஸு எனக்குக் கேக்கவே இல்ல.

— அண்ணே...

— ரெண்டு வருஷமா மெல்லிசு சத்தம் எதுவும் காதுல விழறதில்ல. பேசுறதுல பாதியை உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன். வீட்டுல கூடச் சொல்லல. மச்சினனுக்கு மட்டும் தெரியவே கூடாதும்மா. காது போன மெக்கானிக்கை எவன் வெச்சிருப்பான்? ஏன், திரும்பவும் ஓரம் கட்டுறீங்க?

— ஓட்டிக்கிட்டே சொல்ற விஷயம் இல்ல. என் முகத்தைப் பாருங்க அண்ணே. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டுத்தான் உங்க மச்சினன் எந்த வண்டியையும் உள்ள விடுறார். எனக்கும் அதே பாட்டுதான், அந்த வாத்தியாருக்கும் அதே பாட்டுதான்.

— என்ன பாட்டு?

— ‘எங்க மாமாவுக்குக் காதுதான் மந்தம், கையும் மூளையும் மந்தம் இல்ல. கேக்குற சத்தத்தை ஒண்ணு விடாம உரக்கச் சொல்லுங்க, மத்ததை அவர் பாத்துப்பார். ஆனா வண்டியை நீங்களே ஓட்டுங்க. பின்னாடி வர்ற லாரி ஹாரன் அவருக்குக் கேக்காது. எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரிய வேண்டாம், மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார்’னு.

— ஒன்றரை வருஷமாவா?

— வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும்.

— நான் அவன்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடலையேம்மா.

— கண்ணைத் துடைங்க அண்ணே. என் வாக்கும் போச்சு, போகட்டும். கிளம்பலாமா? பின் கேட்டுல இறக்கி விடுறேன்.

— வேண்டாம்மா. முன் வாசல்லயே நிறுத்துங்க. சாப்பாட்டு நேரம்தான், அவன் இன்னும் டப்பாவைத் திறந்திருக்க மாட்டான்.