கண்ணாடிக்குள் இரண்டு மணி நேரம்

— சத்தியமாச் சொல்றேன், ரெண்டு மணி நேரம் நான் துணிக்கடைக் கண்ணாடிக்குள்ள பொம்மையா நின்னேன். மூச்சு விட்டது மொத்தமே பதினோரு தடவை. நான் போட்டிருந்த கோட்டைப் பாத்துட்டு அதே மாதிரி நாப்பது கோட்டு வித்துப் போச்சு.

— கேட்டியாடி? இப்பத்தான் ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக் கழட்டியிருக்கே, களைப்பா இருப்பே. இருந்தாலும் உங்க அப்பா பேசறதை உன் காதாலயே கேட்டுக்கோ.

— கேக்கறேம்மா. கத்தாம மொதல்ல என்ன ஆச்சுன்னு சொல்லு.

— என்ன ஆச்சா? விடுமுறைக்கு எல்லாரும் வர்றாங்களே, ஆளுக்கொரு பரிசு வாங்கலாம்னு இந்த மனுஷனைக் கூட்டிக்கிட்டு அந்தப் பெரிய கடைக்குப் போனேன். உங்க அத்தைக்குக் கைப்பை, சின்னவனுக்கு ஸ்வெட்டர், எல்லாம் ஆச்சு. 'பரிசு சுத்தித் தர்ற எடத்துல வரிசை நீளமா இருக்கு, நீங்க இந்தத் தூணுகிட்டயே நில்லுங்க, நான் வாங்கிட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா தூண் இருக்கு, ஆளைக் காணோம். மூணு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்! மாடி மாடியா ஏறி எறங்கினேன். மைக்குல கூப்பிடச் சொன்னேன். 'சாம்பல் நிறச் சட்டை, முன்னந்தலையில முடி இல்லை'ன்னு ஆறு தடவை அறிவிச்சாங்க.

— அந்த முடி சமாசாரத்தைச் சொல்லச் சொன்னது நீதானா? அதைக் கேட்டதும் கடையில இருந்த அத்தனை வழுக்கையும் தொப்பி வாங்க ஓடிச்சு மகாராணி! தொப்பிப் பிரிவுல தள்ளுமுள்ளு.

— அப்பா, சிரிக்கற நேரமா இது? அம்மா இன்னும் பையைக்கூடக் கீழ வைக்கலை பாருங்க.

— பாத்தேன். அதுக்குத்தான் சிரிக்க வைக்கறேன்.

— வேண்டாம். ஒண்ணும் சிரிக்க வைக்க வேண்டாம். போன மாசம் பஸ்ல தூங்கிட்டுக் கடைசி ஸ்டாப்புக்குப் போனீங்க. அடுத்த வாரமே மருந்து வாங்கப் போனவர் பொழுது சாயற வரைக்கும் வரலை. அன்னைக்கு நீங்களே வாய் திறந்து சொன்னீங்க, 'இன்னொரு தடவை காணாமப் போனா வண்டிச் சாவியும் வீட்டுச் சாவியும் உன் கையில, தனியா வாசல் தாண்டமாட்டேன்'னு. சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன். ஆனா நான் காணாமப் போகலையே. அந்தத் தெருவுலயே நல்லாத் தெரியற எடத்துல, தலைக்கு மேல எட்டு லைட்டு போட்டு நின்னுக்கிட்டு இருந்தேன்.

— உங்க அண்ணனும் இப்படித்தான் ஆரம்பிச்சார். போன எடத்துக்கெல்லாம் ஒரு கதை வெச்சிருந்தார். நாமளும் ரசிச்சுச் சிரிச்சோம். கடைசியில கூடப்பொறந்த உங்களையே பாத்து 'சார் யாரு'ன்னு கேட்டார். வெளிப்பக்கமாப் பூட்டு போட்ட அறையிலதான் போய்ச் சேந்தார். அது எனக்கு இந்த வீட்டுல வேண்டாம்.

— அண்ணன் கதை வேற. அவன் இல்லாததைச் சொன்னான். நான் நடந்ததைச் சொல்றேன். கொஞ்சம் பெருசாச் சொல்றேன், அவ்வளவுதான்.

— சரிப்பா, லாஜிக்கா வருவோம். நீங்க ஏன் தூணை விட்டு நகர்ந்தீங்க?

— அப்படிக் கேளு, ஆபீசரம்மா! இதுக்குத்தான் ஆபீஸ் போற பொண்ணு வேணும்ங்கறது. இவ கையெழுத்து இல்லாட்டி அந்தக் கம்பெனியில குழாயில தண்ணிகூட வராதுன்னு எதிர்வீட்டுக்காரர்கிட்ட நேத்துகூடச் சொன்னேன்.

— விஷயத்துக்கு வாங்கப்பா.

— வரேன். உங்க அம்மாவுக்குப் பரிசு வாங்க நகர்ந்தேன். ஊருக்கெல்லாம் வாங்கினோம், இவளுக்கு ஒண்ணும் இல்லை. கேட்டா வேண்டாம்பா. வாங்கிட்டு வந்தா நிறம் சரியில்லம்பா, மறுநாளே போய் மாத்திக்கிட்டு உனக்கோ எனக்கோ ஒரு சட்டையோட வருவா. முப்பத்தெட்டு வருஷமா நான் எடுத்துக் கொடுத்த துணி ஒண்ணைக்கூட இவ கட்டிப் பாத்ததில்லை. கீழ்த்தளத்துல தெருவைப் பாத்த கண்ணாடி மேடையில ஒரு பொம்மை, தோள்ல சால்வை போட்டுக்கிட்டு நின்னுச்சு. பழுத்த எலுமிச்சை நிறம். கடைக்குள்ள இருந்து அந்த மேடைக்கு ஒரு சின்னக் கதவு. தொட்டுப் பாக்கலாம்னு உள்ள காலை வெச்சேன். பக்கத்துல நின்ன ஆம்பளைப் பொம்மை மேல முழங்கை பட்டுச்சு.

— விழுந்துடுச்சா?

— விழுந்ததா? தலை உருண்டு ஒரு மூலை, கை ரெண்டும் ரெண்டு திக்கு, இடுப்புக்குக் கீழ மட்டும் கோபிச்சுக்கிட்ட மாதிரி அப்படியே நின்னுச்சு. அலங்காரம் பண்ற பொண்ணு வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டு ஓடி வந்தா. வயசு இருபத்திரெண்டு இருக்கும். கத்தலை. அப்படியே தரையில உக்காந்துட்டா. 'முதலாளி பத்து நிமிஷத்துல மேடையைப் பாக்க வர்றார் சார், போன வாரம் விலைச்சீட்டு கோணலா இருந்ததுக்கே ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பிட்டார்'னா. ஒடச்சது நான், வேலை போறது அவளுக்கு. நீயே சொல்லு, நான் என்ன பண்ணணும்?

— மன்னிப்புக் கேட்டுட்டு, நான்தான் ஒடச்சேன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கணும்.

— வெளியாளை எப்படி உள்ள விட்டேன்னு அதுக்கும் சேத்து அவளைத்தான் அனுப்புவான். அதனால 'என்னை நிறுத்தும்மா'ன்னேன். கோட்டு மாட்டினா, கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் சுத்தினா, கறுப்புக் கண்ணாடி, தொப்பி. தொந்தியை என்ன பண்றதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா. அப்புறம் கையில ஒரு பரிசுப் பெட்டியைக் கொடுத்து மறைச்சா. கெட்டிக்காரி!

— பத்து நிமிஷத்துக்கு வந்த முதலாளிக்காக ரெண்டு மணி நேரம் நின்னீங்களா?

— அந்தப் பாவி போகலையே! ஜனங்க எவ்வளவு நேரம் நின்னு பாக்கறாங்கன்னு எண்ணறதுக்கு மேடைக் கதவுகிட்டயே நாற்காலி போட்டு உக்காந்துட்டான். என் மூக்குல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. குடித்தனம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்துட்டுத்தான் கெளம்பிச்சு. நீ பதினேழு தடவை கூப்பிட்டே மகாராணி, பையில போன் துடிச்ச துடிப்புல தரையே அதிருதுன்னு முதலாளி பயந்து லிப்டை நிறுத்தச் சொன்னான்.

— பதினேழு தடவை கூப்பிட்டது நிஜம். எடுக்காததும் நிஜம். நடுவுல இருக்கறதெல்லாம் உங்க சரக்கு.

— நீ அந்தக் கண்ணாடி முன்னால வந்து நின்னே. நாலு மணி இருக்கும். இடது கால் செருப்பைக் கழட்டிக் குதிகாலைத் தேச்சுக்கிட்டே. சால்வையைப் பாத்தே. அப்புறம் கண்ணாடியில தெரிஞ்ச உன் மொகத்தைப் பாத்து, கண்ணைத் தொடச்சே.

— அம்மா, நின்னியா?

— நின்னேன். கால் வலிச்சா எங்கயும்தான் நிப்பேன். இவர் எதிர்க்கடையில நின்னு அதைப் பாத்திருக்கலாமே! என்னைப் பாத்துட்டும் யாருன்னு தெரியாம நின்னாரோ என்னவோ. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. இரு, அந்தக் கடை நம்பர் பில்லுல இருக்கு. உள்ள போய் நானே கேட்டுடறேன்.

— வேண்டாம், விடு. கேக்காதே.

— ஏன், சாயம் வெளுத்துடுமா?

— அந்த அலங்காரப் பொண்ணுக்குச் சங்கடம்டி.

— எனக்கு இல்லாத சங்கடமா! நீ இவர்கிட்டயே இருடி, நகர விடாதே.

— ...அப்பா. அம்மா கதவைச் சாத்திட்டாங்க, சீக்கிரம் சொல்றேன் கேளுங்க. கடை பெஞ்சுல உக்காந்தேன், அசந்துட்டேன், போன் சத்தம் கேக்கலைன்னு சொல்லிடுங்க. தூங்கறது நோய் இல்லை. மீதியை நான் பேசிக்கறேன்.

— பொய் சொல்லச் சொல்றே.

— உங்களைக் காப்பாத்தச் சொல்றேன். இந்தப் பொம்மைக் கதையை யாரும் நம்பமாட்டாங்க. நான் நம்பலை.

— நீ நம்பலை.

— ஒரு மனுஷன் ரெண்டு மணி நேரம் அசையாம நிக்க முடியாதுப்பா.

— இந்த வயசுல எங்கிட்ட மிச்சம் இருக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு சாவி. இன்னொண்ணு, கூட்டிச் சொன்னாலும் இல்லாததைச் சொல்லாத வாய். சாவிக்காக வாயைக் கொடுத்துட்டா, அப்புறம் நான் வெளியில போய்தான் என்ன பண்ணப் போறேன்?

— அப்பா...

— நீ ஏன் தலையைக் குனியறே? உன்னை ஒண்ணும் சொல்லலையே.

— அந்தக் கடைப் பொண்ணு வேலை போச்சுன்னு வீட்டுல போய்ச் சொன்னா என்னப்பா ஆகும்? ஏன் அவளுக்காக நீங்க இவ்வளவு...

— என்ன ஆகும்? அவ அப்பன் எதிர்வீட்டுக்காரன்கிட்ட கொஞ்ச நாளைக்குப் பீத்திக்க முடியாது. அதைத் தவிர ஒரு மண்ணும் ஆகாது. ஆனா அது அந்தப் பொண்ணுக்குத் தெரியாதே! சொல்லப் பயந்து எங்கயாவது சுத்திக்கிட்டு நிக்கும். அதுதான் எனக்குத் தாங்கலை.

— பேசிட்டேன்! பேசிட்டு வந்துட்டேன். அந்த அலங்காரப் பொண்ணுகிட்டயே பேசிட்டேன்.

— என்ன சொன்னாம்மா?

— 'அப்படி யாரும் நிக்கலை அம்மா, எங்க பொம்மை எதுவும் ஒடையலை, யாரோ வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க'ன்னா. குரல்ல ஒரு நடுக்கம். பைத்தியக்காரர் வீடு போலன்னு பயந்திருக்கும் பாவம்.

— அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— அப்படின்னா நிக்கலைன்னு ஒத்துக்கறீங்களா?

— நான் நின்னேன். ஆனா அவ நிக்கலைன்னு சொன்னது சரிதான். பக்கத்துலயே முதலாளி இருந்திருப்பான்.

— பாத்தியாடி? நின்னாராம், நிக்கலையாம்! ரெண்டும் சரியாம்!

— இரு, அந்தக் கரடி பாத்துச்சு. கரடிக்குத் தெரியும்.

— ...எந்தக் கரடிப்பா?

— கடைவாசல்ல தள்ளுபடி நோட்டீஸ் கொடுக்குமே, கரடி வேஷம். உள்ள ஆள் இருக்கும். அஞ்சு மணி ஆகப் போற நேரத்துல எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. கீழ விழப் போறேன், கண்ணு இருட்டுது. அந்த நேரம் பாத்து அந்தக் கரடி கண்ணாடிகிட்ட வந்துச்சு. என்னை உத்துப் பாத்துச்சு. கையில இருந்த நோட்டீஸ் அத்தனையும் கீழ கொட்டிச்சு. உள்ளங்கையைக் கண்ணாடி மேல வெச்சுக்கிட்டு அசையாம நின்னுச்சு. எனக்கு என்னமோ அது அழற மாதிரி இருந்துச்சு.

— கரடி அழுதுச்சு.

— தோள் குலுங்கிச்சு மகாராணி! அப்புறம் திடுதிப்புனு நடுத்தெருவுக்கு ஓடி ஆட ஆரம்பிச்சுது பாரு, ஆட்டம்னா ஆட்டம்! குட்டிக்கரணம் அடிச்சுது. வண்டியெல்லாம் நின்னு போச்சு. முதலாளி நாற்காலியை விட்டுட்டு வாசலுக்கு ஓடினான். அந்த இடைவேளையிலதான் நான் காலை மாத்தி வெச்சு, நொண்டிக்கிட்டே சின்னக் கதவு வழியா வெளியில வந்தேன். எனக்காகத்தான் ஆடிச்சு. யாரு பெத்த புள்ளையோ, எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

— போதும். என்னைப் பாத்து அழுதுச்சு, எனக்காக ஆடிச்சுன்னு தெருவுல போற கரடியைச் சொல்ற அளவுக்கு வந்தாச்சு. எனக்கு வேற எதுவும் கேக்க வேண்டாம். சாவியைக் கொடுங்க.

— மகாராணி...

— அப்படிக் கூப்பிடாதீங்க. கொடுங்க. ரெண்டையும்.

— இந்தா. வீட்டுச் சாவி. இது வண்டிச் சாவி. பின்சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு, ஓட்டறவங்ககிட்ட சொல்லு.

— அழாதீங்க.

— நான் எங்க அழறேன்? வேர்த்தா கண்ணுலயும் வரும்.

— நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்ட போறோம். நானே எல்லாத்தையும் சொல்லப் போறேன், பொம்மை, ஈ, கரடி, எல்லாத்தையும். நீ ஆபீசுக்கு லீவு சொல்லுடி. என்ன, லீவு கிடைக்காதா?

— அவளைத் தொந்தரவு பண்ணாதே. அவ இல்லாட்டி அங்க ஒரு வேலையும் நடக்காது. நான் வரேன், நீயும் நானும் போவோம். ஆட்டோவுல கையைப் பிடிச்சுக்கோ, ஓடிடமாட்டேன்.

— அம்மா, அந்தச் சாவியை அப்பாகிட்ட திருப்பிக் கொடு.

— நீயுமா? உனக்கென்ன, பகல் பூரா இவரைக் காவல் காக்கப் போறது நான்.

— அப்பா சொன்னது நடந்துச்சும்மா. கொஞ்சம் கூட்டிச் சொன்னார். ஆனா நடந்துச்சு.

— இவ்வளவு நேரம் சும்மா கேட்டுக்கிட்டு இருந்துட்டு, இப்ப எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு இது? அந்த நேரத்துல நீ ஆபீஸ்ல உக்காந்திருந்தே.

— ஆபீஸ்ல என்னை வேலையை விட்டு அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சும்மா. அந்தக் கரடிக்குள்ள இருந்தது நான்தான்.