இருபத்து மூன்று ஹால் டிக்கெட்டுகள்

டீயைக் குடியுங்கள் ஐயா, ஆறினால் ஆடை கட்டிவிடும். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் யாரையும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை. சிலமலை தாண்டி மலையடியில் கிடக்கிற அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இதைவிடப் பெருமை என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. வாசல் ஃபிளெக்ஸில் பார்த்திருப்பீர்கள்: பத்தாம் வகுப்பில் ஆறு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பது நான், தலைமையாசிரியர் உக்கிரபாண்டி.

நான் வந்தபோது தேர்ச்சி ஐம்பத்தெட்டு சதவீதம். நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறிப் போடிக்குப் படிக்கப் போய்விட்டார்கள். மிச்சம் யார்? அப்பனும் ஆத்தாளும் விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறிவிடுகிற வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் நாற்பது பேர் என்றால் முப்பது பேர் அப்படித்தான். காய் எடுக்கிற மாதங்களில் பிள்ளைகளும் கூடவே ஏறிவிடுவார்கள். திங்கட்கிழமை விரலில் இருக்கிற கறையைப் பார்த்தே யார் மலைக்குப் போனது என்று சொல்லிவிடுவேன். இவர்களை வைத்துக்கொண்டு சதவீதம் காட்டு என்றால், மந்திரத்தில் மாங்காயா விழும்?

நான் படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் ரகம் பிரிக்கப் போவேன். ஏலத்துக்குப் போகிற சாம்பிளில் நாலு வெடிப்புக்காய் கிடந்தால் மொத்த மூட்டைக்கும் விலை இறங்கிவிடும். அதனால் வெடிப்பைப் பொறுக்கித் தனியே போடுவோம். அதற்காக அந்தக் காய்மேல் யாருக்கும் கோபம் கிடையாது. அதுவும் டீக்கு ஆகும்.

தேர்வுக்கு வராத பிள்ளை ஃபெயில் கணக்கில் சேராது ஐயா. எழுதினவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் சதவீதம். இது நான் போட்ட விதி இல்லை.

உங்கள் ஆபீசுக்கு என்மேல் மனு போயிருக்கிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. கணக்கு டீச்சர் சுகன்யா என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். என் பீரோப் பக்கம் இரண்டு தடவை பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு மெமோ கொடுத்தேன். பாவம், இப்போது நீங்கள் மனுவை மேசையில் வைத்த பிறகுதான் தெரிகிறது. இது ரோஜா எழுத்து. இரண்டு வருடம் நான் திருத்திய கையெழுத்து. தேதி, எண், பெயர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒரு பிழை இல்லை. முழு மார்க் போடலாம்.

ரோஜா, மாயக்காள் மகள். தகப்பன் இல்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்து நாலு. ஒரு மார்க்கில் போனது. ஜனவரியிலேயே நான் பட்டியல் போட்டுவிட்டேன், இந்த வருடம் ஐந்து பேர். பிறகு திருப்புதல் தேர்வில் அவள் ஐம்பத்திரண்டு எடுத்தாள். அது எனக்குத் தெரியும். ஆனால் தேறினாலும் தேறுவாள் என்பதை வைத்து ஃபிளெக்ஸ் அடிக்க முடியாது.

ஹால் டிக்கெட் வரவில்லை என்றேன். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னேன். ரோஜா பிறந்தது கேரளத்துத் தோட்டத்தில். அந்தப் பிறப்புச் சான்றிதழ் இங்கே செல்லாது, அதனால் நம்பர் வரவில்லை என்று மாயக்காளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பொம்பளை இதோ இந்த இடத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேலயே பெத்துப்போட்டது எந்தப்புத்தான் சார். வலி வந்தப்ப கீழ எறங்க ஜீப்பு இல்ல. எம்புள்ளய மன்னிச்சு விட்ருங்க" என்றாள்.

நான் மன்னித்தேன் ஐயா. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் மனசு கெட்டுவிடும் என்று ஜீப் டிரைவர் ஒச்சப்பனிடம் நானே சொல்லி வைத்தேன். செடிக்குத் தண்ணீர் விடுகிற வேலை கிடைத்தது. தமிழ்த் தேர்வன்று காலையில் ஜீப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போனது. பள்ளிச் சட்டையை வேலைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தாள். நானும் வைத்தேன்.

அதற்கு முந்தின வாரம் மட்டும் இங்கே வந்து நின்றாள். "நம்பர் வராத அஞ்சு பேருமே ஜீப்புக்குப் போறவுக வீடா இருக்கே, அது ஏன் சார்?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் புத்தியைக் கணக்கில் காட்டியிருக்கலாமே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கே நான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

முடிவு வந்த அன்று போடி நெட் சென்டருக்குத் தோழி பொற்கொடியோடு போயிருக்கிறாள். பொற்கொடி தேறிவிட்டாள். பெயர் வரிசையில் பொற்கொடிக்கு அடுத்தது ரோஜாதான். பொற்கொடி நம்பரோடு ஒன்றைக் கூட்டித் தன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். திரையில் அவள் பெயர் வந்தது. ஐந்து பாடத்துக்கும் நேரே 'தேர்வுக்கு வரவில்லை' என்று இருந்தது. நம்பரே வராத பிள்ளைக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மனுவில் கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. ஒன்றைக் கூட்டத் தெரிந்த பிள்ளையைத்தான் நான் கணக்கில் தேறாது என்று ஒதுக்கினேன், ஒத்துக்கொள்கிறேன்.

அவள் துணைத்தேர்வு எழுதட்டும். வேண்டுமானால் நானே ஃபீஸ் கட்டுகிறேன். முந்தின வருடத்துப் பிள்ளைகள் யாரும் இப்படித் தேடிப் பார்க்கவில்லை. நம்பர் வராதவர்கள் என்றே இன்னமும் நம்பிக்கொண்டு மலைக்குப் போய் வருகிறார்கள். காலையில் வாசலில் நின்றால் ஜீப்பிலிருந்து எல்லாரும் வணக்கம் வைப்பார்கள்.

சாவியா? இந்தாருங்கள். பீரோவில் கீழ்த்தட்டு, பிஸ்கட் டின். எதையும் நான் கிழிக்கவில்லை, அரசாங்கத் தாள். ஆறு வருடத்துக்கும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள், இருபத்து மூன்று இருக்கும். போட்டோ, நம்பர், பெயர் எல்லாம் அப்படியே இருக்கிறது. எடுத்து வைத்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, சுகன்யாவுக்கும்தான்.

ஒன்றை மட்டும் உங்கள் அறிக்கையில் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவரைக்கூட நான் ஃபெயிலாக விடவில்லை.