காளிச்சாமி செய்த ஜிக்

இரவு பதினொன்றே முக்கால். சத்தி ரோட்டில் சரவணம்பட்டி தாண்டி ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருக்கிறது… 1994. அப்போதெல்லாம் அங்கே சோளக்காடும் இருட்டும்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சைக்கிளில் போனது என் சிநேகிதன் பாலகோபாலின் மச்சான், சென்னியப்பன். பகல் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து சோற்றில் கை வைக்கும்போதே ஓனர் ஆள் அனுப்பிவிட்டார். நைட் ஷிப்ட்காரன் வரவில்லை. காலை ஆறு மணிக்கு லாரி. அதற்குள் பம்புக்கான வார்ப்பிரும்பு வளையங்களில் ஓட்டை போட்டாக வேண்டும். மாட்டேன் என்று சொல்லக்கூட அவனுக்கு அலுப்பாக இருந்தது.

ஒர்க்ஷாப்பில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு குண்டு பல்பு… இரும்புத் தூள் வாடை. டிரில்லிங் மெஷினில், அங்கேயே வேலை பார்த்த காளிச்சாமி செய்த ஜிக் இருந்தது… பீஸை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கூடு. வளையத்தை அதற்குள் வைத்து, மூடியைப் போட்டு, நட்டை முறுக்க வேண்டும். மூடியில் இருக்கும் துளை வழியாக டிரில் இறங்கினால் ஓட்டை இம்மி பிசகாது.

காளிச்சாமி செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவரும் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் கண்ணை மூடுகிறேன் என்று அங்கே இருந்த ஸ்டூலில் சாய்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பீஸையும் முறுக்கும்போது "அசையாம இரு கண்ணு" என்பார். பிறகு செம்புச் சுத்தியலால் மூடியில் இரண்டு தட்டு. ணங்… ணங்… என்றால் பீஸ் சரியாக உட்கார்ந்துவிட்டது. சத்தம் மந்தமாக வந்தால் இன்னும் கால் சுற்று முறுக்குவார்.

சென்னியப்பனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒரு மணிக்கு மேல் நட்டை முறுக்குவதையே விட்டுவிட்டான். இடது கையால் மூடியை அமுக்கிக்கொண்டே டிரில்லை இறக்கினான். கொஞ்சம் நழுவினால் கை போய்விடும். தெரியும். ஆனாலும் தூக்கம்…

ஒரு தடவை பீஸை வைத்துவிட்டுப் போய், முகம் கழுவிக்கொண்டு வந்தான். நட்டு முறுக்கியிருந்தது. அவன் முறுக்கவில்லை. அடுத்த பீஸை வைத்துவிட்டு முதுகைத் திருப்பினான்… ணங்… ணங்.

ஓடியிருக்க வேண்டும். அவன் ஓடவில்லை. பேயோ பிசாசோ, கூடமாட ஒரு ஆள் கிடைத்ததே என்றிருந்ததாம். "நல்லா இறுக்குங்ணா" என்றுகூடச் சொன்னானாம். அதை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மூன்று மணி இருக்கும். ஜிக்குக்குள் கிடந்த தூளை இடது கையால் தள்ளிக்கொண்டிருந்தவன்… நின்றபடியே கண் அயர்ந்துவிட்டான்.

கை வலித்து விழித்தான். இடது கை மூடிக்கு அடியில். நட்டு முறுக்கியிருக்கிறது. மேலே டிரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் எட்டவில்லை. ஸ்பானரோ எதிர்ச் சுவரில், ஆணியில் தொங்குகிறது.

சொத்… சொத்…

மந்தமான சத்தம். நட்டு இன்னும் கால் சுற்று இறுகியது.

"அண்ணா… இது பீஸ் இல்லீங்ணா. என்ற கைங்க."

தட்டுவது நின்றது. டிரில் மெல்ல இறங்க ஆரம்பித்தது… அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

விடிந்து ஓனர் வந்துதான் நட்டைக் கழற்றினார். கை தப்பியது. சென்னியப்பன் இப்போது தாராபுரத்தில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறான். மெஷின் பக்கமே போவதில்லை.

கரண்ட் போவதற்கு முன்னால் அவனுக்குப் பதில் வந்ததாம். அதைப் பாலகோபாலிடம் ஒரே தடவைதான் சொல்லியிருக்கிறான். காளிச்சாமியின் குரல்தான்… ரொம்ப அலுத்துப்போன குரல்.

"தெரியுது. அசையாம இரு கண்ணு."