கதவுக்கு அந்தப் பக்கம்

எனக்கு வயது நாற்பத்திரண்டு. சைக்கிள் கடை மாடியில் கணவர், மாமியார், கொழுந்தனாருடன் குடியிருக்கிறேன். துணிக்கடையில் பில் போடுகிறேன். மாமியாரை வேண்டுமென்றே சாகவிடப் பார்த்தேன் என்று என் நாத்தனார் இந்த ஸ்டேஷனில் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வதாவது:

எனக்கும் அத்தைக்கும் ஆகாது என்பது உண்மை. தெருவுக்கே தெரியும், மறைக்க எதுவுமில்லை.

நேற்றுக் காலை கணவர் வேலைக்குப் போன பிறகு, அத்தை தன் அறையிலுள்ள குளியலறைக்குள் போனார். அதை அவர் மட்டும்தான் பயன்படுத்துவார். அதன் பிறகு தொம்மென்று சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தள்ளினேன், கை நுழையும் அளவுக்குத் திறந்து நின்றுவிட்டது. அதன் பிறகு கொழுந்தனாரும் அம்மாவைப் பார்க்க வந்திருந்த நாத்தனாரும் ஓடி வந்தார்கள். கொழுந்தனாருக்கு வீட்டில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். உட்கார்ந்த பிறகுதான் நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பார். "தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு. தள்ளுங்க அண்ணி, உடைச்சிடலாம்" என்றார்.

அந்தத் தாழ்ப்பாளைப் போன மாதமே நான் கழற்றிவிட்டேன். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் உள்ளே பூட்டிக்கொள்ளக் கூடாது என்று செய்தேன். அதற்காக அத்தை என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். தாழ்ப்பாளே இல்லாத கதவு ஏன் திறக்கவில்லை என்று யோசித்து, இடைவெளியில் கையை விட்டுத் தடவினேன். ஈரத் தலைமுடி தட்டுப்பட்டது. அத்தையின் தலை கதவை ஒட்டிக் கிடந்தது.

"தம்பி, இடிக்காதீங்க, தலை இங்க இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் தோளால் ஒரு இடி இடித்துவிட்டார். என் கை கதவுக்கும் தலைக்கும் நடுவில் இருந்தது. உயிர் போகிற வலி. நாத்தனார், "கையை எடுடி, அம்மா செத்துக்கிட்டிருக்காங்க" என்று என்னைப் பிடித்து இழுத்தார். எடுத்தால் மறுபடி இடிப்பார்கள் என்பதால் எடுக்கவில்லை. "பின்பக்க ஜன்னல் வழியா இறங்குங்க" என்று கொழுந்தனாரிடம் சொன்னேன். என் கையிலிருந்து ரத்தம் வருவதைப் பார்த்த பிறகுதான் அவர் நின்று நான் சொன்னதைக் கேட்டார். அதன் பிறகு எதிர்வீட்டு பெயிண்டர் ஏணி கொண்டு வந்து, இருவரும் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி உள்ளே இறங்கி அத்தையை நகர்த்தினார்கள். அதுவரை நான் கையை எடுக்கவில்லை. தாமதம் ஆனதா என்றால், ஆனது.

அத்தை இன்னும் கண் விழிக்கவில்லை. விழித்தால் முதலில் தாழ்ப்பாளுக்காக என்னைத் திட்டுவார். அந்தத் திட்டைக் கேட்கத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்துதான் என்னை இங்கே அழைத்து வந்தார்கள்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை. வலது கையில் மூன்று விரல்கள் முறிந்து கட்டுப் போட்டிருப்பதால், கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.