பதில் சீழ்க்கை

இரவு எட்டு மணி. இகித்தோஸ் நகரிலிருந்து காட்டு வழியாக நவுத்தா போகிற சாலை. பகலில் லாரியும் பஸ்ஸும் ஓடுகிற சாலைதான். மழை பெய்து ஓய்ந்த இரவில்... தவளைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது.

இது என் நண்பர் ஃபெர்மின் தபுயீமாவின் தம்பி மகனுக்கு நடந்தது. அடுத்த வீட்டு விஷயத்தைப் பேசிப் பொழுது போக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவரே அனுமதி கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார். குடும்பப் பெயரை மறைக்காமல், மரியாதையோடு சொல்ல வேண்டும். தபுயீமா. சொல்லிவிட்டேன். மெழுகுவத்தியை இப்படி நகர்த்துங்கள். நான் முடிக்கிறவரை யாரும் சீழ்க்கை அடிக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

ஃபெர்மின் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் தம்பி மகன் வில்டர். அன்று மாலைதான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தான், வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அவனுக்குத் தலைநகர் லிமாவில் வேலை. இணையத்தில் காசு வைத்து ஆடுகிற ஸ்லாட் ஆட்டங்களை, வெளியே விடுவதற்கு முன் ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுகிற வேலை. உருளைகள் எப்படிச் சுற்றுகின்றன, பரிசு எத்தனை அடிக்கடி விழுகிறது, போனஸ் சுற்று ஆளைக் கட்டிப்போடுகிறதா... அதற்கும் சம்பளம் தருகிறார்கள். காலம் அப்படி.

அன்று அவன் கைப்பேசியில் இருந்தது ஒரு காட்டு ஆட்டம். திங்கட்கிழமை வெளியாக வேண்டும். அன்றிரவே நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பினால் அவனைப் பிரிவுக்குத் தலைவனாக்குவதாகப் பேச்சு. வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினான். சிறுத்தை, கிளி, மலைப்பாம்பு எல்லாம் அழகாக வரைந்திருக்கிறார்களாம். சாதாரணச் சுழற்சி வறட்சியாம், கையில் ஒன்றும் தங்காதாம். இலவசச் சுழற்சி பரவாயில்லையாம், ஆனால் கிளி விழுந்தால்தான் பணம் பெருகுமாம்.

"போனஸ் சுற்றுதான் பெரியப்பா உசிரு. அதுக்காகவே ஜனம் காசைக் கொட்டும்."

பாதி வழியில் வண்டி இருமியது. நின்றது. பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். ஃபெர்மின் இறங்கிக் குனிந்தார். ஈர மண் வாசனை. பெட்ரோல் வாசனை. அப்போது கேட்டது.

ஃபீன்... ஃபீன்... ஃபீன்.

அது என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. துன்சே. காட்டில் தொலைந்துபோனவனின் சீழ்க்கை. கேட்டும் கேட்காததுபோல் இருக்க வேண்டும். கேலி கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பதில் சீழ்க்கை மட்டும்... கூடவே கூடாது. பதில் கொடுத்தால் வா என்று அழைத்ததாக ஆகிவிடும்.

தபுயீமா வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஃபெர்மினின் தந்தை எலியோதோரோ வேட்டைக்குப் போனார். வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத மனிதர். அதனால் பொழுது சாய்ந்ததும் கொல்லை வேலியில் ஒரு மபாச்சோ சுருட்டை வைப்பார்கள். பற்ற வைக்காமல். சீழ்க்கை கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் அப்பா என்பார்கள். அவ்வளவுதான் அவருக்கு அவர்களால் செய்ய முடிந்த மரியாதை. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

ஃபெர்மின் தொப்பியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மபாச்சோவை எடுத்தார். வில்டர் மூக்கைப் பொத்திக்கொண்டான். புகையிலை வாடையே அவனுக்கு ஆகாது. ஃபெர்மின் சுருட்டைச் சாலையோரப் புல்லில் வைத்துத் தலை குனிந்தார்.

"அப்பா, வழியிலதான் போறோம். உங்க பேரனும் கூட இருக்கான். மன்னிச்சுக்குங்க."

பின்னாலிருந்து சிரிப்பு.

"தொப்பியைப் போடுங்க பெரியப்பா. காடு இல்ல, போன்."

ஃபெர்மின் திரையைப் பார்த்தார். தங்கச் சட்டத்துக்குள் ஒரு முகம். ஓலைத் தொப்பி. உதட்டோரத்தில் சுருட்டு. கொஞ்சம் சரிந்த இடது இமை... எலியோதோரோவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். வில்டரின் அம்மா அஸ்தேரியாவின் அலமாரி மேல் நிற்கிறது. அந்த முகம்தான் இது. இப்போது அதற்குத் தங்கப் பல் கட்டியிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கண் சிமிட்டியது.

வில்டர் பெருமையாக விளக்கினான். ஆட்டத்தின் யோசனையே அவன் கொடுத்ததாம். அந்த முகம் மூன்று விழுந்தால் 'தொலைந்த கிழவன்' சுற்று. கிழவன் காட்டுக்குள்ளிருந்து சீழ்க்கை அடிப்பான். ஆடுகிறவன் கைப்பேசியில் பதில் சீழ்க்கை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பரிசு இரட்டிக்கும், கிழவன் ஒரு அடி நெருங்குவான். ஆறாவது பதிலில் பிடித்துவிடுவான். சிரிப்பான். பணம் போய்விடும். சீழ்க்கைகூடக் காட்டிலிருந்து வந்த அசல்தானாம். அம்மா வீட்டுக் கொல்லையில் நின்று அவனே பதிவு செய்தானாம்.

"அஞ்சோட நிறுத்தினா லாபம். ஆனா எவனும் நிறுத்த மாட்டான். அதுதான் இதுல சூட்சுமம்."

ஃபெர்மின் கேட்டார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"எங்க தாத்தாதானே. யாரைக் கேக்கணும்?"

"அவரைக் கேட்டியா?"

"அவர் எங்க இருக்கார், கேக்கறதுக்கு?"

தவளைகள் அடங்கின. எல்லாம் ஒரே நேரத்தில்.

ஃபெர்மின் யாரிடமும் கெஞ்சியவரல்ல. எனக்கு அவரைச் சிறு வயதிலிருந்தே தெரியும். அன்று கெஞ்சினார். "மார்க்கு போடாதே. முகத்தையும் சத்தத்தையும் எடுக்கச் சொல்லு. ஒரு குழிகூட வெட்டிக் குடுக்கல நாம அவருக்கு. மானத்தையாவது விட்டு வைடா."

"உலகம் பூரா நம்ம தாத்தா முகத்தைப் பாக்கப் போகுது. நீங்க அழறீங்க." வில்டர் திரையைத் தட்டினான். "ஆறு வரைக்கும் நானே போனதில்ல. இப்பப் போய்ப் பாத்துட்டு முழு மார்க்கு போடறேன். இருங்க."

கைப்பேசி சீழ்க்கை அடித்தது. அவன் உதட்டைக் குவித்துப் பதில் அடித்தான். காசு கொட்டுகிற சத்தம். மறுபடி சீழ்க்கை. மறுபடி பதில். காசுச் சத்தம்.

மூன்றாவது சீழ்க்கை வந்தபோது ஃபெர்மின் கவனித்தார். சிக்னல் போயிருந்தது. திரை உறைந்து நின்றது. நடுவில் அந்தச் சின்ன வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது வலது பக்கத்திலிருந்து... மரங்களுக்குப் பின்னாலிருந்து.

"டேய். அது போன் இல்லடா."

வில்டர் சிரித்தான். முதலில் தன்னிடம் ஏமாந்ததற்குப் பெரியப்பா பழி வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டான். "என்கிட்டயேவா?" என்று சொல்லிப் பதில் அடித்தான். காசுச் சத்தம் வரவில்லை.

நான்காவது இன்னும் கிட்டத்தில். அதற்கும் பதில் அடித்தான். அப்போதுதான் வாடை வந்தது. மபாச்சோ புகை. ஃபெர்மின் புல்லைப் பார்த்தார். வைத்த இடத்தில் சுருட்டு இல்லை. சாலையோரத்தில், ஓர் ஆள் நின்றால் வாய் இருக்கிற உயரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. அது மெல்லப் பிரகாசித்தது... மங்கியது.

சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வில்டரின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

ஐந்தாவது, வண்டிக்குப் பின்னால். உடனே பதில்.

"நிறுத்துடா."

"நான் அடிக்கல பெரியப்பா..." அவன் குரல் உடைந்தது. "வாய் தானா..."

ஆறாவதை ஃபெர்மின் காதால் கேட்கவில்லை. பிடித்திருந்த கையில் உணர்ந்தார். எலும்பு வழியாக.

யாரும் சிரிக்கவில்லை. தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

கண்ணைத் திறந்தபோது வில்டர் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். உதடுகள் குவிந்திருந்தன. வீட்டுக்கு வந்தும் விரியவில்லை. அஸ்தேரியா ஸ்பூனால் நெம்பிக் கஞ்சி ஊற்றினாள். ஊர் மருத்துவர் நரம்பு என்றார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைக் கொடுத்தவனிடம் வாயைத்தான் வாங்கினார் பெரியவர். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஃபெர்மின் லிமாவுக்குப் போன் செய்தார். வில்டருக்குக் காத்திராமல் வேறு ஒருவரை வைத்து மதிப்பெண் போட்டுவிட்டார்களாம். போனஸ் சுற்றுக்கு முழு மதிப்பெண். திங்கட்கிழமை ஆட்டம் வெளியானது.

செவ்வாய்க்கிழமை மாலை. எதிர்க் கடைக்காரி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்துப் பதில் சீழ்க்கை அடித்தாள். அசையாமல் உட்கார்ந்திருந்த வில்டர் எழுந்தான். கொல்லைக் கதவை நோக்கி ஓர் அடி வைத்தான். நின்றான். அவள் மறுபடி அடித்தாள். இன்னோர் அடி.

ஃபெர்மின் ஓடிப்போய் அவள் காலில் விழாத குறையாகச் சொன்னார். அவள் நல்லவள், ஆட்டத்தை அழித்துவிட்டாள். ஆனால் கடைக்காரி ஒருத்திதானா ஆடுகிறாள்? லிமாவில் ஆடினார்கள். பொகோட்டாவில் ஆடினார்கள். சீழ்க்கை கேட்காமலே வில்டர் எழுந்தான். ஓர் அடி. ஓர் அடி. அஸ்தேரியா அவன் கணுக்காலை தூங்குகிற ஏணை கட்டிய தூணோடு கயிற்றால் கட்டினாள். முடிச்சைத் தன் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள்.

காலையில் கயிறு இருந்தது. முடிச்சு அவிழவில்லை. சேற்றில் அவன் காலடி கொல்லை வேலி வரை போயிருந்தது. வேலிக்கு அப்புறம் இல்லை.

இப்போது அந்த வீட்டில் வேலியில் இரண்டு மபாச்சோ வைக்கிறார்கள். காலையில் ஒன்று அடி வரை புகைந்து சாம்பலாகக் கிடக்கும். மற்றது பற்றவே இல்லை. ஈரமாகக் கிடக்கும்... நுனியில் பல் பதிந்து, மெல்ல மெல்லக் கடித்த மாதிரி.

வில்டருக்குத்தான் புகையிலை ஆகாதே.