சுக்கானுக்குள் பூரிக்கட்டை

வியட்நாமில், பின் யுவோங் ஊருக்குப் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்து தமிழ் கேட்டது.

"பூரிக்கட்டை இன்னும் உள்ளதான் இருக்குண்ணே."

இதற்குப் பிறகு யாரால் போனைப் பார்க்க முடியும்?

"எதுக்குள்ள?" என்றார் பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரர்.

"என் பாய்மரப் படகோட சுக்கான் கைப்பிடிக்குள்ள. கார்பன் ஃபைபர்ல வீட்லயே செஞ்சேன்ல? உருண்டையா வரணும்னு பூரிக்கட்டை மேல கார்பன் துணியச் சுத்தி எபாக்ஸி பசை பூசுனேன். காஞ்சதும் கட்டைய உருவிடலாம்னு பாத்தா வரல. மெழுகு தடவ மறந்துட்டேன்."

"தடவிருந்தாலும் வராதுடா. கட்டை நடுவுல பருத்திருக்கும்ல?"



"அத நான் யோசிக்கவே இல்லண்ணே."

"வேற ஒண்ணு வாங்கி வச்சிரு."

"சைகோன் முழுக்கத் தேடிட்டேன், அதே மாதிரி கெடைக்கல. என் வீட்டுக்காரி காரைக்கால்லேருந்து கொண்டாந்தது."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம படகுல கூட்டிட்டுப் போனேன். சுக்கானப் பிடிச்சா. உள்ளங்கையால தடவித் தடவிப் பாத்தா."

"என்ன சொல்லுச்சு?"

"கரைக்கு வந்து எறங்குனதும், 'அதக் கழட்டி எடுத்துட்டு வாங்க, சாயங்காலம் பூரி'ன்னுட்டுப் போய்ட்டா."