தொட்டிலில் வைத்த போனும் மைன்ஸ் கேட்டில் நடந்ததும்

பெயர் சத்யப்பிரியா, வயது 27. கணவர் பெயர் செந்தில்நாதன், சுரங்கத்தில் பெர்மனென்ட் ஊழியர். இருப்பு நெய்வேலி நகரியம், பதினெட்டாவது வட்டம், கீழ்த்தளக் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் காடாம்புலியூர். படிப்பு எம்.எஸ்சி. இயற்பியல். வேலைக்குப் போகவில்லை. இளவேனில் என்று பத்து மாதப் பெண் குழந்தை இருக்கிறது.

என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் தமயந்தி அவர்கள், இருட்டிவிட்டது, கைக்குழந்தைக்காரி, காலையில் வரலாம் என்று சொன்னார்கள். காலையில் பாதுகாவலர் கொளஞ்சிநாதன் மீது விசாரணை இருக்கிறது, அதற்கு முன்பு இது பதிவாகிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் கேட்கக் கேட்க என் கைப்பட எழுதுகிறேன்.

எல்லையில் பதற்றமாக இருந்த நாட்களில், நகரியத்தில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கப் போவதாகவும், அதற்கு வட்டத்துக்கு ஒருவர் தன்னார்வலராக வேண்டும் என்றும் சொன்னார்கள். கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தவள் என்று தெரிந்து என் பெயரைச் சேர்த்தார்கள். எனக்கும் போக ஆசை இருந்தது. அந்த நாட்களில் நான் டி.வி.யை அணைப்பதே இல்லை. குண்டு விழுந்தால் குழந்தையை எந்த அறையில் வைக்க வேண்டும், கட்டிலுக்கு அடியிலா, குளியலறையிலா என்று யாரைக் கேட்டாலும் சரியான பதில் கிடைக்கவில்லை. கணவரைக் கேட்டால், "இங்க வந்து யாரு போடப் போறா? பேசாம தூங்கு" என்றார். தன்னார்வலர்களுக்கு நடத்தும் கூட்டத்தில் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

சென்ற வியாழக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. கணவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அமிர்தம் அக்காவை எங்கள் வீட்டில் குழந்தைக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். அமிர்தம் அக்காவின் கணவர் அய்யாசாமி அண்ணனும் அதே சுரங்கத்தில் அதே ஷிப்டில் இருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு போன் இருக்கிறது. கண்ணாடி உடைந்த பழைய போனைத் தொட்டில் கயிற்றில் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் விட்டுவிடுவேன். மாடியில் துணி காயப்போடும்போதும் கடைக்குப் போகும்போதும் குழந்தை அழுவது எனக்குக் கேட்கும். என் பக்கச் சத்தம் அங்கே போகாதபடி மியூட்டில் போட்டுவிடுவேன். குழந்தை சிணுங்கினால் மியூட்டை எடுத்துவிட்டுப் பேசுவேன், என் குரல் கேட்டால் மறுபடி தூங்கிவிடும். அதனால் பழைய போனில் ஸ்பீக்கர் எப்போதும் போட்டே இருக்கும். அன்றும் அப்படியே செய்துவிட்டுக் கிளம்பினேன்.

கூடத்தின் வாசலில் கொளஞ்சிநாதன் காவலுக்கு நின்றிருந்தார். அவர் ஒப்பந்தப் பாதுகாவலர். முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எல்லோருடைய போனையும் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம், "போன் குடுங்கம்மா" என்றார். நான், "தொட்டில்ல வச்சிட்டு வந்துட்டேங்க, குழந்தை தூங்குது" என்றேன். தொட்டிலில் ஒரு போன் இருந்தது உண்மை. அவர் கேட்டது அதை அல்ல என்று எனக்குத் தெரியும். என் போன் கைப்பைக்குள் இருந்தது, காதில் சிறிய இயர்போன் தலைமுடிக்குள் மறைந்திருந்தது. பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் யாரும் அங்கே இல்லை. அவர் என்னைத் தொட்டுச் சோதிக்க முடியாது. "எத்தினி மாசம்மா?" என்று கேட்டார், சொன்னேன். "முன்னாடி போய் ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்று உள்ளே விட்டார். இதைத் தவிர அவருக்கும் எனக்கும் வேறு பேச்சு இல்லை. அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. அதற்கு முன்பு அவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இளவேனில் சிணுங்குவது காதில் கேட்டது. அதிகாரி இன்னும் வரவில்லை என்பதால் பைக்குள் கையை விட்டு மியூட்டை எடுத்து, குனிந்து, "ஓ ஓ, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொன்னேன். அந்த நேரத்தில் ராணுவ அதிகாரி உள்ளே வந்தார். எல்லோரும் மெதுவாக எழுந்தார்கள். நான் என்.சி.சி. பழக்கத்தில் பையைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நின்றேன். மறுபடி மியூட் போட மறந்துவிட்டேன். வேறு எந்த நோக்கமும் கிடையாது. யாருக்காவது கேட்கட்டும் என்று நான் அதைச் செய்யவில்லை.

அதிகாரி நல்ல தமிழில் பேசினார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். தலையில் சிவப்பு மையில் 'ரெஸ்ட்ரிக்டெட்' என்று முத்திரை இருந்தது. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இங்கே கேட்பதை வீட்டில் கணவன் மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது, முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஒத்திகைக்கு அர்த்தம் இல்லை என்றார். சரி என்று எல்லோரும் கை தூக்கினோம், நானும் தூக்கினேன். அதில் இருந்த வாசல்கள், வண்டிகள் நிற்கும் இடங்கள் ஆகியவற்றை இங்கே எழுதவில்லை. உதவி ஆய்வாளரும் எழுதச் சொல்லவில்லை. கடைசிப் பகுதியில், சத்தம் கேட்டால் வீட்டில் ஜன்னல் இல்லாத உள்சுவரை ஒட்டி உட்கார வேண்டும், குழந்தையை மடியில் கவிழ்த்துத் தன் முதுகால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. நான் அத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதன் பிறகு அதிகாரி, எங்களை யோசிக்க வைப்பதற்காக, நடந்துவிட்டது போலவே சொல்லத் தொடங்கினார். "இப்ப மைன்ஸ்ல விழுந்திருச்சு. ஷிப்ட்ல இருக்கறவங்க மேல ஏறி வர வழி அடைஞ்சிருச்சு. உங்க வட்டத்துல ஜனங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஒருவர் எழுந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது என் காதில், அமிர்தம் அக்கா, "அய்யய்யோ, மைன்ஸ்ல போட்டுட்டானாண்டி! வழி அடைச்சிகிச்சாம்!" என்று கத்துவது கேட்டது. குழந்தை வீறிட்டது. கதவு அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு தொட்டில் ஸ்பிரிங் தனியாகக் கிறீச் கிறீச் என்று ஆடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே ஓடினேன். ஓடும்போது இயர்போன் காதிலிருந்து விழுந்து வாசற்படியில் உருண்டது. கொளஞ்சிநாதன் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். என் முகத்தையும் அதையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "போங்கம்மா, மொதல்ல கொயந்தையப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் தொட்டில் காலியாக இருந்தது. எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் ஆட்டோ பிடித்து மைன்ஸ் கேட்டுக்குப் போய்விட்டதாகவும், அமிர்தம் அக்கா குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனதாகவும் எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னார். வாசலில் யாரோ ஒருத்தி விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கிடந்தது. நானும் ஒரு ஆட்டோவில் போனேன்.

கேட்டில் நிறையப் பெண்கள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காவலுக்கு நின்றவர்கள், உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். "ஒண்ணும் இல்லன்னா எங்க ஆளுங்கள வெளிய காட்டுய்யா!" என்று பெண்கள் கத்தினார்கள். உள்ளே ஷிப்டில் யாரும் போன் எடுக்கவில்லை, எப்போதும் எடுக்க மாட்டார்கள். நான் கூட்டத்துக்குள் புகுந்து அமிர்தம் அக்காவின் தோளைப் பிடித்து, "அக்கா, ஒண்ணும் நடக்கல, எல்லாம் சும்மா" என்றேன். அக்கா திரும்பி, "சும்மாவா? என் காதால கேட்டேண்டி. உன் போன்லதான் ஆபீசரு பேசிகினு இருந்தாரு. சும்மான்னு உனக்கு எப்பிடித் தெரியும், சொல்லு!" என்றார்.

இந்த இடத்தில் நான் உடனே பதில் சொல்லவில்லை. அது ஒத்திகைக்கான பேச்சு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கை தூக்கியது ஞாபகம் வந்தது. சொன்னால் போனை உள்ளே கொண்டுபோனது தெரிந்துவிடும், கணவருடைய வேலைக்கு ஏதாவது வருமோ என்ற பயமும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று உதவி ஆய்வாளர் கேட்டார்கள். பயம்தான் முதலில் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஒருத்தி, "பாருங்கடி, இவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறா! நெஜமாத்தான் போல!" என்று கத்தினாள். அதன் பிறகு பின்னாலிருந்து தள்ளினார்கள். தடுப்பு சாய்ந்தது. அமிர்தம் அக்கா விழுந்தார். விழும்போது குழந்தையை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், இன்னொரு கையைத் தரையில் ஊன்றினார். ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் நான், "ஒத்திகை, அக்கா! நடக்கப்போற ஒத்திகைக்குப் பாடம் எடுத்தாங்க! நான் அங்கதான் இருந்தேன்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கூட்டம் அடங்கியது. அமிர்தம் அக்கா தரையில் உட்கார்ந்தபடியே குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, "இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னாடி உனுக்கு?" என்றார். கூட்டத்தில் பேசியதை நான் வெளியில் சொன்னேனா என்று கேட்டால், சொன்னேன், அங்கே வைத்துத்தான் சொன்னேன். யார் யாரிடம் என்று கேட்டால், கேட்டில் நின்ற எல்லோரிடமும்.

மறுநாள், ரகசியக் கூட்டத்துக்குள் போனை அனுமதித்து, பேசியதை வெளியே விட்டதாகக் கொளஞ்சிநாதனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பணம் வாங்கிக்கொண்டு ராணுவத் தகவலை விற்றான் என்றும் மந்தாரக்குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். இன்று மாலை அவர் மனைவி மலர்கொடி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "யாரு போன் கொண்டாந்ததுன்னு அவருக்குத் தெரியும். கேட்டா தெரியாதுன்றாரு. ஏன்யான்னா, கைக்கொயந்தைக்காரின்றாரு. எனக்கும் ரெண்டு கொயந்தைங்க இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னைத் திட்டவில்லை. நான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார்கள். அந்தத் தாளின் கடைசிப் பகுதியை, குழந்தையை எப்படி மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை, எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கலாம், அதற்கு எதற்கு சிவப்பு முத்திரை என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இது கருத்து, வாக்குமூலத்தில் வேண்டாமே என்றார்கள். எழுதுகிறேன் என்றேன், சரி என்று விட்டார்கள்.

என் போனையும் தொட்டிலில் இருந்த பழைய போனையும் ஒப்படைத்துவிட்டேன். குழந்தை வெளியே பெஞ்சில், கட்டுப்போட்ட கையோடு வந்திருக்கும் அமிர்தம் அக்காவின் மடியில் இருக்கிறது. இதற்கு முந்தைய பத்தி நடுவில் கையெழுத்து மாறியிருப்பது, குழந்தை அழும் சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டு, எழுதுவதை விட்டுவிட்டு எழுந்துபோய், பால் கொடுத்துவிட்டு வந்து எழுதியதால். வேறு யாரும் எழுதவில்லை.

கொளஞ்சிநாதன் என்னிடம் போன் கேட்டார், நான் பொய் சொன்னேன், அவர் நம்பினார். அவர் மீது உள்ள தவறு அவ்வளவுதான். இதனால் எனக்கு என்ன வரும் என்று உதவி ஆய்வாளர் விளக்கிச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன், கணவரும் கேட்டார். எதையும் கூட்டவில்லை, யாருக்காகவும் விடவில்லை. இவ்வளவும் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
செ. சத்யப்பிரியா

என் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டார்.
தமயந்தி, உதவி ஆய்வாளர்